முப்பத்தெட்டு ஆம்பியர்

"கையெழுத்துப் போட ஏம்மா தயங்குறீங்க?" என்று கேட்டார் சவரிமுத்து.

தில்லைநாயகி காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. திருச்சியில் முப்பது வருஷம் வயர் இழுத்தவர். அவளுக்கு முப்பத்திநாலு. பழைய கட்டடத்தில் கரண்ட் உச்சத்துக்கு எவ்வளவு ஏறுகிறது, இன்னும் எவ்வளவு தாங்கும் என்று அளந்து சொல்கிறவள். அந்த வித்தையைக் கற்க இந்த வயசில் அவளிடம் வந்து சேர்ந்தார். துளிக் கூச்சம் கிடையாது. அதற்காகவே அவளுக்கு அவரைப் பிடிக்கும்.

காகிதம் ஒரு பெண்கள் விடுதியைப் பற்றியது. இருபது அறை. எல்லா அறைக்கும் ஏசி வரப்போகிறது.

"மெயின் கேபிள் நூறு ஆம்பியர் தாங்கும்மா. ஒரு வாரம் மீட்டர் மாட்டிப் பார்த்தேன். ஏறினதே முப்பத்தெட்டுதான். ஏசிக்கு ஒரு நாற்பது. கூட்டிப் பாருங்க, தாராளமா இடம் இருக்கு."

"மீட்டர் சரியா இருந்துச்சா?"

"இன்னொண்ணு வெச்சும் பார்த்துட்டேன்."

"கணக்கு?"

"என் மக மேல சத்தியமா தப்பில்ல. அவளும் அங்கதானே இருக்கா, ரெண்டாவது மாடியில. நான் தப்பா எழுதி கேபிள் பத்திக்கிச்சுன்னா மாட்டிக்கப்போறது என் பிள்ளைதானே?"

தில்லைநாயகி பேனாவைக் கீழே வைத்தாள்.

"அப்போ அவகிட்டயே கேளுங்கண்ணே. இந்த ஒரு வாரமா என்ன சாப்பிட்டேன்னு கேளுங்க."

"நான் கரண்ட்டைக் கேட்டா நீங்க சோத்தைப் பத்திப் பேசுறீங்களே!"

அவள் அடுத்த காகிதத்தை எடுத்துவிட்டாள்.

முணுமுணுத்துக்கொண்டேதான் விடுதிக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை. மகள் ஜெனிட்டா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"இந்த வாரம் என்னம்மா சாப்பிட்ட?"

"பன்னு."

"ஏழு நாளுமா?"

"ஒருநாள் பிஸ்கட்டுப்பா."

"மெஸ் என்ன ஆச்சு?"

"நான் கிளம்பும்போது திறந்திருக்காது. வர்றப்போ மூடியிருப்பாங்க. வழக்கமா காலையிலயே ரூம்ல குக்கர்ல சோறு வெச்சு ரெண்டு வேளைக்கு எடுத்துப்பேன்."

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"வார்டனுக்குத் தெரியாது. கரண்ட்டுல சமைச்சா ரூமைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்க. நீங்க நோட்டீஸ் ஒட்டினீங்கள்ல, கரண்ட் அளக்கப்போறோம்னு? அன்னிக்கே எல்லாத்தையும் பெட்டியில வெச்சுப் பூட்டிட்டோம்."

"எல்லாத்தையும்னா?"

"குக்கர், கெட்டில், அயன் பாக்ஸ், தண்ணி சுட வைக்கிற காயில். எந்த ரூம்லப்பா இல்ல?"

சவரிமுத்துவுக்கு அப்போதுதான் புரிந்தது. பின்னே? தண்டோரா போட்டுவிட்டு அளந்தால் முப்பத்தெட்டுதான் ஏறும்.

"எங்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"உங்களுக்குத்தான் பொய் சொல்ல வராதே. வார்டன் கேட்டா அப்படியே சொல்லிடுவீங்க. அப்புறம் நான் எங்கப்பா போவேன்?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளை ஒரு வாரமாக அரைவயிறு. அவர் ஒட்டிய காகிதத்தால்.

எழுந்து போய்ப் பலகையிலிருந்த நோட்டீசைக் கிழித்தார். வார்டன் வெளியே வந்தார்.

"என்னங்க, அளந்து முடிச்சாச்சா?"

"தப்பா அளந்துட்டேம்மா. திரும்ப ஒரு மாசம் அளக்கணும். அதுவரைக்கும் எந்த ரூம்லயும் சோதனை போடாதீங்க. கும்பிட்டுக் கேட்டுக்கறேன்."

"ஏன், யார் ரூம்ல என்ன இருக்கு?"

அவருக்குப் பொய் வரவில்லை.

"இருக்கும்மா. யார் ரூம்லன்னு நான் சொல்ல மாட்டேன். மீட்டருக்கும் அது தெரியாது, மொத்தம்தான் தெரியும். அந்த மொத்தம் தெரியாம ஏசி மாட்டினா அறுபது பிள்ளைங்க உயிரு."

வார்டன் அவரையே பார்த்தார்.

"சரி" என்றார்.

திங்கட்கிழமை காலை ஆறரை. மெயின் சுவிட்ச் அறையில் கேபிளைச் சுற்றி மீட்டரை மாட்டினார். முப்பத்தொன்று காட்டியது. மகளைப் போனில் கூப்பிட்டார்.

"அம்மாடி, சோத்த வையி. மத்த பிள்ளைங்ககிட்டயும் சொல்லு."

"வார்டன்?"

"நான் பேசிட்டேன். பயப்படாம வைக்கச் சொல்லு."

மீட்டர் எதிரே நின்றார்.

நாற்பத்தாறு.

ஐம்பத்தொன்பது.

எழுபத்திரண்டு.

கால் மணி நேரமாக எண்பத்திமூன்றில் நின்றது. கேபிள் மேல் கையை வைத்துப் பார்த்தார். சூடேறியிருந்தது. இன்னும் ஒரு ஏசிகூட வரவில்லை.

போன் அடித்தது.

"அப்பா, எவ்வளவு வந்துச்சு?"

"முதல்ல நீ சாப்பிடும்மா" என்றார்.