தராசில் வைத்த குங்குமம்

பாளையங்கோட்டைப் பழைய புத்தகக் கடைக்காரர் பொன்னுலிங்கம் அண்ணாச்சியிடம் பேரம் பேசி ஜெயித்தவர் யாரும் கிடையாது. மகள் வதனிக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித்தரும் பேராச்சி, படித்து முடித்த கணக்குப் புத்தகங்களை அவரிடம் கொண்டுபோனாள். அவற்றை விற்றால்தான் அடுத்த வகுப்புப் புத்தகம் வாங்கமுடியும். அதற்காகவே கணக்கையெல்லாம் சிலேட்டில் போடவைத்திருந்தாள். பக்க ஓரங்களில் மகள் வரைந்திருந்த பூக்களையும் முந்தின நாள் ரப்பரால் அழித்திருந்தாள். அதை வதனி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணாச்சி அட்டையைத் தடவினார். “சரஸ்வதி பூஜைக்குக் குங்குமம் வெச்சிருக்கியேம்மா. கறை பட்டதை எடைக்குத்தான் எடுப்பேன்.”

“சரி அண்ணாச்சி. அப்போ உங்க தராசையும் எடைக்குப் போட்டிருங்க.”

“தராசையா? எதுக்கு?”

“ஆயுத பூஜைக்கு வெச்ச குங்குமம் அதுலயும் அப்படியே இருக்குல்லா?”

புத்தகம் புரட்டிக்கொண்டிருந்த கூட்டம் கொல்லென்று சிரித்தது. அண்ணாச்சி பாதி விலைக்கு எடுத்துக்கொண்டார். யாரோ படித்த அடுத்த வகுப்புப் புத்தகத்தையும் தள்ளுபடியில் கொடுத்தார்.

பேராச்சி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீடு வந்தாள். வதனி ஆசையாகப் புத்தகத்தைப் பிரித்தாள். முதல் பக்க ஓரத்தில் பாதி அழிந்த பென்சில் மயில் ஒன்று தெரிந்தது. அதை விரலால் தடவிப் பார்த்தாள்.

“இந்தப் பிள்ளையோட அம்மாவும் விக்கிறதுக்காக அழிச்சிட்டாங்களாம்மா?”

கடையையே சிரிக்கவைத்த பேராச்சி, மயிலை முடிக்கச் சொல்லிப் பென்சிலை மகளிடம் நீட்டினாள்.