கரடி தளர்த்திய வில்

ஆறு இரண்டாகப் பிரிந்து ஓடும் ஒரு காட்டில் சடையன் என்றொரு கரடி கரைக்காவல் பார்த்து வந்தது. அதன் வில்லின் இரு முனைகளிலும் கப்பி உண்டு, கைப்பிடியருகே திருகுகள் உண்டு. திருகை முறுக்கினால் வில் இறுகும், தளர்த்தினால் இளகும். சடையன் முழுக்க முறுக்கி வைத்திருந்தது. அப்படி இறுகிய வில்லை இழுக்க வேறு யாராலும் முடியாது. காவல் வேலையும் அதனால் கிடைத்ததுதான்.

தேனுக்கு ஆசைப்பட்டுப் பாறையேறிய சடையன் ஒருநாள் கீழே விழுந்து தோளை உடைத்துக்கொண்டது. எலும்பு கூடியும் பழைய பலம் வரவில்லை. ஒரு புதருக்குள் நுழைந்து, சுற்றுமுற்றும் பார்த்து, திருகுகளைத் தளர்த்திக்கொண்டது. வெளியே மூச்சு விடவில்லை.

அம்பு செய்யும் முள்ளம்பன்றி முள்ளி வழக்கம்போலக் கேட்டது. "வில்லுல ஏதாச்சும் மாத்தம் உண்டா?"

"என்ன மாத்தம்? இருக்கிறதுலயே விறைப்பான அம்பாக் குடு. நான் என்ன அணிலா?"

"இல்ல, கேக்கணுமே. இளகின வில்லுக்கு விறைச்ச அம்பு ஆகாது. நாண் தள்ளும்போது அம்பு கொஞ்சம் வளைஞ்சு நிமிரணும். வளையாட்டி பக்கவாட்டுல ஒதுங்கிடும்."

"எனக்குத் தெரியாதா?" என்று சீறியது சடையன். தெரியும். அதுதான் வேடிக்கை.

மழைக்காலத்தில் ஒரு மாலை திடீரென்று வெள்ளம் வந்தது. ஆற்று நடுவே ஒரு பாறையும் அதில் ஒரு மருத மரமும் இருந்தன. செம்பி என்ற மந்தி தன் குட்டியோடு அங்கே மாட்டிக்கொண்டது. நூல் கட்டிய அம்பை மரத்தில் தைத்துவிட்டால், செம்பி நூலை இழுத்துப் பெரிய கயிற்றை வாங்கிப் பாறையில் கட்டிக்கொண்டு கரையேறிவிடும். அவ்வளவு தூரம் எய்யச் சடையனை விட்டால் ஆளில்லை. காடே கரையில் கூடி நின்றது.

சடையன் எய்தது. அம்பு மரத்துக்கு இடப்பக்கம் ஒதுங்கித் தண்ணீரில் விழுந்தது.

"காத்து" என்றது சடையன். ஓர் இலைகூட அசையவில்லை.

நூலைச் சுருட்டி மறுபடி எய்தது. மறுபடியும் இடப்பக்கம்தான். "முள்ளி, உன் அம்பு கோணல்!"

முள்ளி அம்பை எடுத்து ஒற்றைக் கண்ணால் பார்த்தது. "நேராத்தான் இருக்கு."

சரி, வலப்பக்கம் தள்ளிக் குறிவைப்போம் என்று சடையன் கணக்குப் போட்டது. இம்முறை அம்பு குட்டியின் காதை உரசிக்கொண்டு போனது. குட்டி வீறிட்டது. கரையில் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"அண்ணே, மரம் ஆடுது!" செம்பி கத்தியது. "வேரை அரிச்சிருச்சு. சீக்கிரம் ஏதாவது பண்ணுங்க அண்ணே!"

சடையன் வில்லைக் கீழே இறக்கியது. வாயைத் திறந்தால் காவல் வேலை போய்விடும், திறக்காவிட்டால் அந்தக் குட்டி போய்விடும். வெட்கம் உடம்பெல்லாம் தீயாய்ச் சுட்டது.

"முள்ளி," என்றது, எல்லார் காதிலும் விழும்படி. "தோள் போச்சு. வில்லைத் தளர்த்தி வச்சிருக்கேன். அதுக்கு ஏத்த இளகின அம்பு குடு."

"அட! இத்தனை நாளா வேஷமா?" என்று காட்டெருமை சிரித்தது. முள்ளி சிரிக்கவில்லை. அம்புக்கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்து, ஒன்றை உருவிக் கொடுத்தது.

அந்த அம்பு ஒரு துடிப்புத் துடித்து, நிமிர்ந்து, மரத்தின் நடுவில் போய்த் தைத்தது.

செம்பி கயிற்றைப் பிடித்துக் குட்டியோடு கரை சேர்ந்த கொஞ்ச நேரத்தில் மரம் சாய்ந்து வெள்ளத்தோடு போனது.

மறுநாள் காவல் வேலை காட்டெருமைக்குப் போனது. சடையனுக்கு வழிவிட யாரும் ஒதுங்கவில்லை. செம்பி மட்டும் குட்டியை இடுக்கிக்கொண்டு தேடி வந்தது. கரையேறும் முன் மரத்திலிருந்து பிடுங்கி வந்த அம்பை நீட்டி, "அண்ணே, இது உங்களுது" என்றது.

சடையன் விறைப்பான அம்புகளையெல்லாம் கீழே கொட்டிவிட்டு, அதை வாங்கி அம்பறாத்தூணியில் வைத்துக்கொண்டது.

நீதி: தன் பலம் இவ்வளவுதான் என்று ஒப்புக்கொள்பவனுக்கே அதற்கேற்ற அம்பு கிடைக்கும்.