மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே

முதலாவது, கல்லறைத் தோட்டத்துப் பாதையில் கோயில் கமிட்டி முள்வேலி போட்டது. இரண்டாவது, நியாயம் கேட்கப் போனவர்களை 'இரவல் சாமிக்காரர்கள்' என்று ஏசியது. மூன்றாவது, மோசேயின் தம்பியுடைய சவப்பெட்டியை ஐப்பசி மழையில் இரண்டு மணி நேரம் நிறுத்தி வைத்தது. நான்காவது, ஒரு காரணமும் இல்லாமல் பாதைக்கு இரும்புக் கதவு போட்டுப் பூட்டியது.

வாசித்து முடித்து மோசே காகிதத்தை மடித்தார். முப்பத்தேழு வருடம் துண்டுப் பிரசுரம் எழுதிய கை. வரிசை பிசகினால் நியாயம் பிசகும் என்பார். கட்சி மூன்று மாறினார்; அந்த வார்த்தை மாறவில்லை.

அன்று காலை தம்பி மனைவியும் இறந்திருந்தாள். நான்கு மணிக்கு அவளைத் தம்பிக்குப் பக்கத்தில் அடக்கம் செய்ய வேண்டும். கதவின் சாவி, எதிரே உட்கார்ந்திருந்த கமிட்டித் தலைவர் ஆவுடையப்பனின் சட்டைப்பையில் இருந்தது.

பேச்சுவார்த்தை நடந்த இடம், தையல் கடைக்கு மேலே க்வேக்கர்கள் என்னும் சிறு கிறிஸ்தவப் பிரிவினரின் மாடி அறை. அங்கே பாதிரியார் கிடையாது, பாட்டு கிடையாது. கூடி மௌனமாக இருப்பார்கள். உள்ளிருந்து ஏதோ உந்தினால் எழுந்து பேசுவார்கள். ஒருவர் பேசிய பேச்சு மனதில் இறங்கும்வரை அடுத்தவர் வாய் திறக்கக் கூடாது. அந்த மௌனத்தைத்தான் மோசே இரண்டு வருடமாகக் கனியம்மாளிடம் படித்துக்கொண்டிருந்தார். கனியம்மாள் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர். மோசேயைவிடப் பதினெட்டு வயது இளையவர்.

ஆவுடையப்பன் எழுந்தார்.

"நல்லாத்தான் வே எழுதியிருக்கீரு. ஆனா மூணுக்கும் நாலுக்கும் நடுவுல ஒண்ணை முழுங்கிட்டீரே. எம் மக பிழைச்சு எந்திரிச்சதுக்குப் பாதையோரத்துல நேந்து வச்ச மண்குதிரை. உம்ம தம்பியை அடக்கம் பண்ணின மறுநாள் தலையில்லாமக் கெடந்துச்சு. அதுக்கப்புறம்தான் பூட்டு. உடைச்சது யாரு? பேரைச் சொன்னா சாவி. இல்லைன்னா இல்லை."

க்வேக்கர்கள் எட்டுப் பேரும் வழக்கப்படி கண்ணைத் தாழ்த்தி மௌனமானார்கள். மோசேயும்தான்.

கமிட்டிச் செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து நிமிடம் பொறுத்தார். பிறகு தன் நோட்டில் எழுதிக்கொண்டே சத்தமாகச் சொன்னார்: "எதிர்த்தரப்பு பதில் சொல்லவில்லை. மௌனம் சம்மதம்."

மோசே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "யோவ், இது எங்க ஜெபம்யா!"

"வாயே தெறக்காத ஜெபமா? ரொம்ப வசதிதான்" என்றார் செயலாளர்.

எதிர்வரிசை சிரித்தது. கனியம்மாள் மோசேயை மாடிப்படிக்கு அழைத்துப் போனார்.

"பாத்தீங்களா? உங்க மௌனம் என்னைக் கூண்டுல ஏத்திட்டுது."

"தப்பா எழுதிட்டாங்களா அண்ணே?"

மோசே கைப்பிடிக் கம்பியைப் பிடித்தார். கீழே தையல் மிஷின் ஓடி நின்றது.

"எதிரிகிட்ட மரியாதையாப் பேசுன்னீங்க. உண்மையைப் பேசுன்னும் சொன்னீங்க. ரெண்டும் மோதினா எதை எடுக்கிறது?"

"எங்கே மோதுது?"

"அது களிமண்ணு கனியம்மா. மழையில நின்னது என் தம்பி. அந்தக் குதிரையைச் சாமின்னு நான் ஒத்துக்கணுமா?"

"வேண்டாம். நானும் ஒத்துக்கலை. உடைஞ்சதுன்னு ஒத்துக்கலாமில்ல?"

"இந்த ஊர்ல எவனுக்கும் தலை குனியாதவன் நான்."

கனியம்மாள் படியிலேயே உட்கார்ந்து கூட்டக் குறிப்பு நோட்டில் எழுதினார்.

நடந்ததை அங்கேயே எழுதி, எல்லாரும் கேட்க வாசிப்பது க்வேக்கர் வழக்கம். எப்போதும் கனியம்மாள்தான் வாசிப்பார். அன்று உள்ளே வந்ததும் நோட்டை மோசேயிடம் நீட்டினார்.

மோசே நின்றபடி வாசித்தார். "முதலாவது, வேலி. இரண்டாவது, ஏச்சு. மூன்றாவது, மழையில் நின்ற சவப்பெட்டி. இவை நடந்தன. நான்காவது, மகள் பிழைத்ததற்காக நேர்ந்து வைத்த குதிரை உடைந்தது. ஐந்தாவது, பூட்டு. குதிரையை உடைத்தவர்..."

அதற்கு மேல் வெள்ளைத்தாள்.

"பைபிள்ல அடிச்சுச் சத்தியம் பண்ணச் சொல்லுங்கம்மா" என்றார் செயலாளர்.

"எங்களுக்குச் சத்தியம் பண்ற வழக்கமில்லை. சொன்னா சொன்னதுதான்."

மணி மூன்றேகால். ஆவுடையப்பன் சட்டைப்பையை மூடியிருந்த கையை எடுக்கவில்லை.

மோசே குரலைத் தாழ்த்தினார். "பேரை எழுதாம விட்டுட்டீங்களே, கனியம்மா."

"எனக்குத் தெரிஞ்சதை மட்டும்தான் நான் எழுதலாம். மீதியை நீங்க வாசிங்க அண்ணே."

இரண்டு பக்கமும் சேர்த்து இருபது பேர். இந்த முறை யாரும் கண்ணைத் தாழ்த்தவில்லை. மோசே நோட்டை முகத்துக்கு நேரே உயர்த்தினார். எத்தனையோ காவல் நிலையங்களில் நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன அதே முறையில், வெள்ளைத்தாளைப் பார்த்து வாசித்தார்.

"மோசே. தகப்பன் பெயர் யாக்கோபு."