மடையை அடைத்த ஏழு வயசுப் பையன்

கருவேலங்கோட்டை ராஜா இளகின மனசுக்காரர். எவன் மூக்கைச் சிந்தினாலும் இவர் தோள்துண்டைத் தேடுவார். அந்தத் துண்டை நம்பித்தான் ஏரி மணியம் சங்கிலிமுத்து பதினோரு வருஷமாகக் காலம் தள்ளினான்.

மதகுச் சாவி அவன் கையில். எந்த நாள் யார் வயலுக்குத் தண்ணீர் என்று முறை உண்டு. ஆனால் அவன் வயல் குளிர்ந்த பிறகுதான் ஊராருக்கு. இந்தத் தடவை வழக்குக் கொண்டு வந்தவள் மாடத்தி, கடைமடையில் துண்டு நிலம் வைத்திருக்கிற கைம்பெண். கதிர் பால் பிடிக்கிற நேரம் பார்த்து அவள் மடையை அடைத்துவிட்டான். ஆறு நாளாயிற்று. இன்னும் இரண்டு நாள் போனால் அறுக்க வைக்கோல்தான் மிஞ்சும்.

சங்கிலிமுத்து கவலைப்படவே இல்லை. அவனிடம் ஒரு கதை இருந்தது. பொய்க் கதை இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஏழு வயசில் தாய் தகப்பனை இழந்தவன். சித்திரை வெயிலில் சித்தி அவனை மாட்டுக்கொட்டிலில் பூட்டி, ஒரு பகல் முழுக்கச் சொட்டுத் தண்ணீர் கொடுக்காமல் போட்டாள். நெஞ்சு பொறுக்காத சங்கதிதான். ஆனால் எந்த இடத்தில் தழுதழுக்க வேண்டும், எந்த இடத்தில் மூச்சு வாங்க வேண்டும் என்று பழகி வைத்திருந்தான் பாருங்கள், அதுதான் பொறுக்காது.

முன்னே இரண்டு வழக்கு இந்தக் கதையில் கரைந்திருக்கிறது. இன்றைக்கும் கொட்டில் கதவைச் சாத்துகிற இடம் வந்ததும் ராஜா துண்டை எடுத்துவிட்டார். அதைப் பிழிந்திருந்தால் மாடத்திக்கு ஒரு பாத்தியாவது நனைந்திருக்கும்.

"அந்தத் தாகம் இன்னும் தீரலை மகாராஜா. தண்ணீரைக் கண்டால் கை தானாகப் போய் அடைச்சுடுது," என்று முடித்தான்.

அப்போது மந்திரி அனந்தப்பர் விசும்பினார். சங்கிலிமுத்துவுக்கே சந்தேகம் தட்டியது. அழுகிற ஆள் இல்லையே இவர். அனந்தப்பர் இறங்கி வந்து அவன் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

"மடையை அடைச்சது நீ இல்லை. உனக்குள்ளே இருக்கிற அந்த ஏழு வயசுப் பையன். அப்படித்தானே?"

பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி ஆயிற்று. "அந்தப் பையன்தான் ஐயா. நான் என்ன செய்வேன்?" என்றான்.

அனந்தப்பர் அவன் தலைப்பாகையை மெல்லக் கழற்றி மடித்தார்.

அந்தச் சீமையில் ஒரு வழக்கம். பதினாறு வயசில் தலைப்பாகை கட்டும்வரை பையனுக்குத் தண்டனை கிடையாது, அரண்மனைச் சாவியும் கிடையாது. பிறத்தியார் பயிரைக் கெடுத்தால், அறுவடைவரை அவர்கள் வீட்டில் இருந்து, சொன்ன வேலையைச் செய்து, ஊற்றுகிற கஞ்சியைக் குடிக்க வேண்டும். ஆகவே பையனை மன்னித்து, சாவியை வாங்கிக்கொண்டு, மாடத்தியிடம் ஒப்படைத்துவிடலாம் என்றார் அனந்தப்பர். பிறகு ராஜா பக்கம் திரும்பினார்.

"ஏழு வயசுப் பிள்ளை கையில் ஊர் மதகைக் கொடுத்தது நம்ம தப்பு மகாராஜா."

ராஜாவின் துண்டு பாதி வழியில் நின்றது.

மாடத்தி தனக்கு வாய்த்த பிள்ளையை மேலும் கீழும் பார்த்தாள். மாட்டுக்கு இரண்டு நாளாகப் புல் அறுக்கவில்லை என்றாள்.

சங்கிலிமுத்துவுக்கு வேர்த்துக் கொட்டியது. பேரன் எடுத்தவன், நரைத்த மீசைக்காரன், வெறுந்தலையோடு ஊர் நடுவே புல்லுக்கட்டு சுமப்பதா? "மகாராஜா, எனக்கு ஐம்பத்திரண்டு வயசு," என்று கத்தியேவிட்டான்.

"சந்தோஷம்," என்று அனந்தப்பர் தலைப்பாகையை நீட்டினார். "அப்படின்னா மடையை அடைச்சது யார்?"

தலைப்பாகையைப் பார்த்தான். மாடத்தியைப் பார்த்தான். தொண்டை வறண்டுபோயிற்று, இந்த முறை நிஜமாகவே.

"நான்தான்," என்றான்.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். மணியம் பறிபோயிற்று. மாடத்திக்குக் குறைகிற நெல்லை அவன் வயலிலிருந்து அளக்க உத்தரவாயிற்று. தமக்கு இனி இது வேண்டாம் என்று ராஜா தோள்துண்டையே அனந்தப்பருக்குப் பரிசாகப் போர்த்தினார்.

ஆனாலும் பழக்கம் விடுமா? மாடத்தியைப் பார்த்து, "நீ சின்ன வயசில் எப்படி வளர்ந்தாய், தாயே?" என்று கேட்கும்போதே ராஜாவின் கை தோளில் துண்டைத் தேடியது.

"அது பெரிய கதை மகாராஜா," என்றாள் மாடத்தி. "அதுவரைக்கும் பயிர் தாங்காது."