குரல் கொடுக்காத தொந்தியப்பன்

கூகைமலை உச்சியில் பலா பழுத்திருந்தது. மலையடிவாரத்து மிருகங்களுக்கெல்லாம் மூக்கு அங்கேயே இருந்தது. ஆனால் உச்சிக்குப் போக ஒரே ஒரு ஒற்றையடிப் பாதைதான். ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் பள்ளம், நடுவில் பதினோரு வளைவு. அம்மாடி, என்ன செங்குத்து! மானுக்கும் அதே வழி, கரடிக்கும் அதே வழி. மரத்திலேயே போகத் தெரிந்த மந்திகூடச் சோம்பல் வந்தால் அந்தப் பாதையில்தான் நடக்கும்.

அதனால் எல்லோரும் கூடி ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். இறங்குகிறவர் ஒவ்வொரு வளைவிலும் நின்று, "இறங்குறேன்!" என்று குரல் கொடுக்க வேண்டும். கீழேயிருந்து "ஏறுறேன்!" என்று பதில் வந்தால், அங்கேயே சுவரோரம் ஒதுங்கி நிற்க வேண்டும். ஏறுகிறவருக்குத்தானே மூச்சு வாங்கும்? பாவம், அவர் முதலில் போகட்டும் என்பதுதான் கணக்கு.

எல்லோரும் இதைக் கேட்டு நடந்தார்கள், ஒருவரைத் தவிர. அவர்தான் காட்டுப்பன்றி தொந்தியப்பன்.

தினமும் விடியற்காலையில் மேலே போவார். மூக்கு முட்டப் பலாச்சுளை தின்பார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு தடதடவென்று ஓடி இறங்குவார். நிற்பதுமில்லை, குரல் கொடுப்பதுமில்லை!

ஒருநாள் தேனடையோடு ஏறி வந்த கரடியை இடித்துத் தள்ளிவிட்டார். தேனடை பள்ளத்தில் போய் விழுந்தது.

"ஏம்ப்பா, ஒரு குரல் கொடுத்தா வாய் வலிக்குமா?" என்று கரடி கத்தினாள்.

"கரடியக்கா! என் குளம்புச் சத்தம் ஊருக்கே கேக்குது. உங்க காதுலதான் தேன் அடைச்சிருக்கு!"

"வளைவுக்கு அந்தப் பக்கம் யாரு வர்றாங்கன்னு தெரியாம இப்படி ஓடலாமா?"

"யாரு வந்தா எனக்கென்ன? ஒதுங்கத் தெரியாதவங்க எதுக்கு மலை ஏறுறாங்க?" என்று சொல்லிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடிவிட்டார். திமிர் பிடித்த ஆள்!

வீட்டில் அவர் மனைவி பேச்சிக்கு வேறு கவலை. அவளுக்கு ஐந்து குட்டிகள், முதுகில் வரிவரியாய்க் கோடு போட்ட சின்னக் குட்டிகள். "அப்பா, பலாப்பழம்!" என்று தினமும் வாசலில் காத்திருக்கும். அப்பாவோ வயிறு நிறைய, வாய் வெறுமையாக வருவார். கேட்டால், "அட, மறந்தே போச்சு!" என்பார்.

கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள் பேச்சி. ஒருநாள் அவர் கிளம்பிப்போன கொஞ்ச நேரத்தில், "வாங்கடா, நாமளே போவோம்!" என்று ஐந்தையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டாள். குட்டிகள் மலை ஏறுவது அதுதான் முதல் தடவை.

பாதையில் முள்ளம்பன்றி முள்ளாண்டி முன்னால் போய்க்கொண்டிருந்தார். இரவெல்லாம் கிழங்கு தோண்டித் தின்றுவிட்டு, மேலே இருக்கும் தன் வளைக்குத் தூங்கப் போகிறவர்.

"என்ன தங்கச்சி, குடும்பத்தோட கிளம்பிட்டே?"

"என்னண்ணே செய்யறது! எங்க வீட்டுக்காரரை நம்பினா இதுங்க பலாக்கொட்டையைக்கூடப் பாக்காது."

முள்ளாண்டி சிரித்துவிட்டார். குட்டிகளுக்காக மெதுவாகவே நடந்தார்.

ஏழாவது வளைவுதான் இருப்பதிலேயே குறுகலானது. அங்கே வந்தபோது மேலே தடதடவென்று சத்தம் கேட்டது.

"ஏறுறோம்! கீழே குட்டிங்க இருக்கு!" என்று முள்ளாண்டி கத்தினார். பதில் இல்லை. தன் குளம்புச் சத்தத்தில் தொந்தியப்பனுக்கு எது காதில் விழும்?

"தங்கச்சி, குட்டிகளைச் சுவரோரம் தள்ளு!"

பேச்சி அலறிக்கொண்டு மூக்கால் முட்டி முட்டித் தள்ளினாள். நான்கு குட்டிகள் ஒதுங்கிவிட்டன. ஐந்தாவது, எல்லாவற்றிலும் சின்னது, பயத்தில் பள்ளத்தின் ஓரத்துக்கே ஓடிவிட்டது. பின்கால் ஒன்று மண்ணில் சறுக்கியது. பேச்சி அதன் காதைப் பல்லால் கவ்விக்கொண்டாள். இழுக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

முள்ளாண்டி அவர்களுக்கு முன்னால் வந்து, முதுகை மேல்பக்கம் காட்டி நின்றார். அத்தனை முள்ளையும் விறைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டார். அவருக்கும் உயிர் வெல்லம்தான்.

வளைவில் திரும்பினார் தொந்தியப்பன். முதலில் முள்ளைப் பார்த்தார். அதற்குப் பின்னால் பேச்சியைப் பார்த்தார். அவள் வாயில் தொங்கும் கடைக்குட்டியைப் பார்த்தார்.

"ஐயோ!"

நான்கு காலையும் ஊன்றினார். சரிவு விடுமா? சறுக்கிக்கொண்டே வந்து, சதக்கென்று முள்ளாண்டியின் மேல் மோதித்தான் நின்றார். மூக்கெல்லாம் முள். முள்ளாண்டி இரண்டடி பின்னால் தள்ளப்பட்டார், ஆனால் இடத்தை விடவில்லை. அந்த நேரத்தில் பேச்சி குட்டியை வெடுக்கென்று இழுத்துப் பாதையில் போட்டாள்.

கடைக்குட்டிதான் முதலில் எழுந்து நின்று உடம்பை உதறியது.

"அப்பா! பலாப்பழம் கொண்டாந்தியா?"

தொந்தியப்பன் அப்படியே உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டார்.

பேச்சி பக்கத்தில் உட்கார்ந்து முள்ளைப் பிடுங்க ஆரம்பித்தாள். ஒரு முள்ளுக்கு ஒரு திட்டு. மொத்தம் இருபத்து மூன்று முள். அத்தனை திட்டையும் மூக்கை நீட்டி வாங்கிக்கொண்டார் தொந்தியப்பன்.

கடைசியில், "முள்ளாண்டியண்ணே, நீங்க சுவரோரம் ஒதுங்கித் தப்பிச்சிருக்கலாமே?" என்று கேட்டார்.

"தப்பிச்சிருக்கலாம்ப்பா. ஆனா எனக்குப் பின்னால யாரு வர்றாங்கன்னு எனக்குத் தெரியுமே! உனக்குத்தான் முன்னால யாரு வர்றாங்கன்னு தெரியலை."

தொந்தியப்பன் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு எழுந்து, குட்டிகளை முன்னால் விட்டு, கடைக்குட்டியைத் தன் பக்கத்தில் சுவரோரமாய் நடக்கவிட்டு, மறுபடியும் மலை ஏறினார். உச்சியில் நல்ல பழமாகப் பார்த்துத் தந்தத்தால் பிளந்து கொடுத்தார். முதல் சுளை முள்ளாண்டிக்கு. குட்டிகள் மூக்கிலும் வரியிலும் பால் பிசுக்கு ஒட்ட ஒட்டத் தின்றன. அவர் ஒரு சுளைகூடத் தொடவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அவ்வளவு ருசியான காலை அவருக்கு அதுவரை வாய்த்ததில்லை.

வளைவுக்கு அப்பால் வருகிறவர் நம் வீட்டுப் பிள்ளை என்று நினைத்து நடந்தால், பொதுவழியில் யாருக்கும் ஆபத்தில்லை.