ஆறு மழைமானி, ஆறு மணி நேரம்

ஓர் அணையின் வெள்ளக் கணிப்பு அறையில் மூன்று பொறியாளர்கள் இருந்தார்கள். வெள்ளம் எப்போது வரும் என்று கணக்கிடும் நிரலை ஃபோர்ட்ரான் மொழியில் எழுதியவர் சந்தியாகு. ஆறு மழைமானிகளின் ஆறு மணி நேர அளவுகளை அட்டவணையாக்கும் நிரலை சி மொழியில் எழுதியவள் பர்வீன். பர்வீனின் நிரல் சந்தியாகுவின் கணக்கை அழைக்கும்படி இரண்டையும் இணைத்தவள் தெய்வானை.

‘என் மொழி அட்டவணையை மேலிருந்து கீழாகப் படிக்கும், பத்திக்கு ஒரு மணி நேரம்’ என்று சந்தியாகு குறிப்பெழுதி வைத்திருந்தார். ‘என் மொழி இடமிருந்து வலமாக அடுக்கும், வரிசைக்கு ஒரு மழைமானி’ என்று பர்வீனும் எழுதியிருந்தாள். தெய்வானை இரண்டையும் படித்தாள். நிரல்களை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் முணுமுணுக்காமல் இரண்டையும் சேர்த்துக்கொண்டது. சோதனைக்காக எல்லாக் கட்டத்திலும் பத்து மில்லிமீட்டர் என்றே போட்டாள். விடை சரியாக வந்தது.

ஐப்பசியில் ஒரு நாள். காலை ஆறு மணியிலிருந்து மேல்மலையில் மட்டும் விடாமல் கொட்டியது. மற்ற ஐந்து இடங்களிலும் தூறல்கூட இல்லை. பர்வீனின் அட்டவணையில் முதல் வரிசையான மேல்மலைக்கு மட்டும் எண்கள், மற்றவை சுழியம். நண்பகலில் கணிப்புத் திரை சொன்னது: ‘ஆறு இடங்களிலும் முதல் ஒரு மணி நேரம் மழை. பிறகு இல்லை. வெள்ளம் வடிகிறது.’

செயற்பொறியாளர் நல்லபெருமாள் தொலைபேசியில் வந்தார். “சைரன் ஊதணுமா, வேண்டாமாம்மா? போன வருஷம் வீணா ஊதி, நெரிசல்ல ரெண்டு பேருக்குக் கால் முறிஞ்சுது.”

தெய்வானை கடிகாரத்தைப் பார்த்தாள். ஆற்றங்கரைப் பள்ளியில் முந்நூறு பிள்ளைகள் இந்நேரம் சாப்பிட உட்கார்ந்திருப்பார்கள்.

“நான் அனுப்பின எண் ஒண்ணுகூட மாறலக்கா. மொத்தத்தைக் கூட்டியும் பாத்துட்டேன்” என்றாள் பர்வீன்.

“இருபது வருஷமா இந்தக் கணக்கு பொய் சொன்னதில்லம்மா” என்றார் சந்தியாகு.

இருவர் சொன்னதும் உண்மை. தொலைபேசியில் நல்லபெருமாள் மூச்சுவிடுவது கேட்டது.

விடையைப் படிக்குமுன் நீங்களே சொல்லுங்கள்: மூவரில் பிழை யாருடையது? தெய்வானை என்ன பதில் சொல்ல வேண்டும்?

விடை: பிழை தெய்வானையுடையது. வரிசையாக அடுக்கியதைப் பத்தியாகப் படிக்கும் இடத்துக்கு அவள் திருப்பி அடுக்காமலே அனுப்பிவிட்டாள். அதனால் மேல்மலையின் ஆறு மணி நேர மழை, ஆறு இடங்களின் ஒரு மணி நேர மழையாகிவிட்டது. எப்படி அடுக்கினாலும் கூட்டுத்தொகை ஒன்றே. எல்லாக் கட்டமும் ஒன்றாயிருந்த சோதனையிலும் அது தெரிய வழியில்லை. தெய்வானை தொலைபேசியை இறுகப் பிடித்துக்கொண்டு, “ஊதுங்க சார். திரை சொல்றது தப்பு. தப்பு என்னோடது” என்றாள். இரண்டரை மணிக்கு ஆற்று வெள்ளம் பள்ளி மதிலைத் தாண்டி உள்ளே வந்தபோது, பாதி உண்ட தட்டுகள் மட்டுமே அங்கே மிதந்தன.