நாற்பதடி முகம்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் மீசை இப்போதே உதிரட்டும். உனக்குத்தான் மீசையே இல்லையே என்று கேட்காதீர்கள். சத்தியம் சத்தியம்தான்.

மெட்ராஸுக்குத் தெற்கே, கடற்கரையில் ஓவியர்கள் சிலர் குடிசை போட்டிருந்த காலம். அவர்களில் சவரிநாதன் உருவமே இல்லாமல் வரைகிறவர். வெறும் நிறம்தான். அவரிடம் சீடராக வந்து சேர்ந்தவர் ஏகாம்பரம், சினிமா பேனர் வரைந்தவர். மாஸ்டரைவிடச் சீடருக்கு இருபது வயது கூட.

ஆறு மாதமாக ஒரே தொல்லை. ஏகாம்பரம் எதை வரைந்தாலும் அதில் கதாநாயகன் முகம் வந்துவிடும். நீலம் பூசினால் கண் திறக்கும். கறுப்பு இழுத்தால் புருவம் முளைக்கும். ஒருமுறை வெறும் பச்சையைப் பூசிவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பி வந்தால் அது சிரித்துக்கொண்டிருந்தது. நானே பார்த்தேன்.

"வெள்ளிக்கிழமை கண்காட்சி. முகமில்லாத படம் ஒண்ணு வரலேன்னா மூட்டையைக் கட்டிடறேன் மாஸ்டர். இது கெட்டுப்போன கை. இதை எப்படித் திருத்தறது?"

சவரிநாதன் தூரிகையைக் கழுவி வைத்தார்.

"சட்டையைப் போடுங்கண்ணே."

பஸ் ஏறி மவுண்ட் ரோடு போனார்கள். ஏகாம்பரம் கடைசியாக வரைந்த பேனர் தியேட்டர் வாசலில் நின்றது. நாற்பதடி முகம். மூக்குத் துவாரத்தில் இரண்டு புறாக் குடும்பங்கள் குடியிருந்தன. வெள்ளிவிழா மாலை போடுவதற்காகச் சாரம் கட்டியிருந்தார்கள்.

"ஏறுங்க."

"எதுக்கு?"

"வரையறப்போ நின்ன இடத்துல போய் நில்லுங்க."

ஏறினார். கன்னத்துக்கு எதிரே ஒரு முழத் தூரத்தில் நின்றார்.

மாஸ்டர் கீழேயிருந்து கத்தினார். "என்ன தெரியுது?"

"கன்னம்!"

"பேரு வேணாம். கண்ணுக்குத் தெரியறதைச் சொல்லுங்க!"

ஏகாம்பரம் வெகுநேரம் பார்த்தார்.

"ரோஸ்... ஓரத்துல மஞ்சள் ஏறுது. அந்தாண்ட கொஞ்சம் ஊதா. அவ்வளவுதான் மாஸ்டர். வேற ஒண்ணுமே இல்லே!"

"இப்படி எத்தனை வருஷம் நின்னீங்க?"

"முப்பது!"

"நான் ஆரம்பிச்சு ஒன்பதுதான் ஆச்சு. இறங்கி வாங்கண்ணே, டீ சாப்பிடலாம். ஊதா பக்கத்துல மஞ்சளை எப்படி நிறுத்தினீங்கன்னு எனக்குக் கொஞ்சம் சொல்லிக் கொடுங்க."

ஏகாம்பரம் சாரத்திலேயே உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் மவுண்ட் ரோடு பஸ்கள் அரைமணி நேரம் நின்றுவிட்டன.

இதைச் சொன்னது யாரென்று மட்டும் வெளியே மூச்சு விடாதீர்கள். ஓவியர்கள் ரோஷக்காரர்கள், எனக்கு மிச்சமிருப்பது நாலே பல்.